மூன்றாம் அத்தியாயத்திலேயே கிளம்பியிருக்கலாம்

எதிர்வீட்டுச் சுகுணா படித்த புத்தகங்களில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு புத்தகத்தைப் பற்றியும் அவள் என்ன நினைத்தாள் என்று கேட்டால் வரி பிசகாமல் சொல்வேன். தெருவில் வேறு யாருக்கும் அது தெரியாது. நான்தான் சுறுசுறுப்பு, மற்றவர்கள் சோம்பேறிகள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். விஷயம் அதுவல்ல என்று எல்லாம் முடிகிற சமயத்தில்தான் தெரிந்தது.

பொம்மிடியில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற தெரு எங்களுடையது. நான் ஜாக்கெட் தைக்கிறவள். மிஷினை வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் போட்டேன். ஜன்னலுக்கு நேராக ராணியம்மாள் வீட்டு வாசல் இருப்பதற்கு நான் பொறுப்பில்லை. கால் மிதிக்கிறது, கை துணியைத் தள்ளுகிறது, கண் மட்டும் சும்மா கிடக்குமா?

"ஊசியப் பாத்துத் தைய்யி காசி, வெரல்ல ஏத்திக்கப் போற" என்பார் என் வீட்டுக்காரர் சின்னராஜ். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொல்வார்.

ராணியம்மாளின் மருமகள்தான் சுகுணா. வந்து பதினோரு வருஷம் ஆகிறது. நாலாவது படிக்கிற பெண் ஒன்று இருக்கிறது. புருஷன் குமாருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸுக்குப் போய்விடுவான். சுகுணா ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். ஒரு ஆதார் கார்டுக்கும் இன்னொரு ஆதார் கார்டுக்கும் நடுவில் ஆள் வராத நேரம் நிறைய. அந்த நேரத்தில் அவள் படிப்பாள். நூலகத்தில் வாரத்துக்கு மூன்று எடுப்பாள். இன்ன புத்தகம் என்று கணக்கில்லை. துப்பறியும் கதை, கவிதை, ராஜாக்கள், சர்க்கரை வியாதி எல்லாம் ஒரே பையில் போகும்.

படித்து முடித்ததும் போன் ஸ்டேட்டஸில் நாலு வரி போடுவாள். காலை ஐந்தரைக்கு அவள் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வந்தால் ஏதோ ஒரு புத்தகம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். இருபத்துநாலு மணி நேரத்தில் அழிந்துபோகும் என்பதால் நான் மனப்பாடம் செய்துகொள்வேன்.

முதலில் வந்தது இது:

"முன்னேற்றப் புத்தகம். காலை நாலு மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறும் என்கிறார். பதினோரு வருஷமாக எழுகிறேன். தோசை மாவுதான் பொங்கியிருக்கிறது. அட்டை நன்றாக இருக்கிறது."

ராணியம்மாளிடம் இருப்பது பட்டன் போன். பாவம், சொந்த மருமகள் போடுவது அவளுக்குத் தெரியவேண்டாமா என்று ஜாக்கெட் அளவு எடுக்க வந்தபோது படித்துக் காட்டினேன். அப்போது ஆரம்பித்த பழக்கம்.

"நாலு மணிக்கு எழுப்பறது நானுன்னு ஊருக்கே சொல்றாளா?" என்றாள் ராணியம்மாள்.

"உம் பேரு போடலக்கா."

"பேரு வேற போடணுமா?"

அடுத்தது துப்பறியும் நாவல். "சாம்பாரில் விஷம் கலக்கிறார்கள். நம்ப முடியவில்லை. பருப்பு காட்டிக்கொடுத்துவிடும். ரசமாக இருந்தால் பூண்டும் மிளகும் பெருங்காயமும் எதையும் மறைக்கும். எழுதியவர் ஒருநாளும் சமைத்ததில்லை. மற்றபடி விறுவிறுப்பு."

இதைப் படித்துக் காட்டும்போது கடைசி இரண்டு வாக்கியத்தை விட்டுவிட்டேன். வேண்டுமென்று இல்லை. மிஷினில் நூல் அறுந்துவிட்டது, அதைப் பார்க்கப் போய்விட்டேன். அன்றிலிருந்து ராணியம்மாள் ரசம் ஊற்றிக்கொள்வதில்லை. மருமகள் கரண்டியோடு வந்து நின்றால், "வயிறு ஒரு மாதிரியா இருக்குது" என்று மோரை இழுத்துக்கொள்வாளாம். மோரும் அதே கைதான் கரைக்கிறது என்பது அவளுக்குத் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.

பேய்க்கதை ஒன்றுக்கு இரண்டே வரிதான்: "பெரிய வீட்டில் பேய் தனியாக இருக்கிறது. கொடுத்துவைத்தது."

மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பால் ஊற்ற வரும் சென்னம்மாளிடம் கேட்டேன். "அப்பிடியா? என் போன்ல ஒண்ணும் வர்ல" என்றாள். காலையில் எழுந்து போனைத் துடைத்துப் பார்த்தால்தானே வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த சமயத்தில்தான் ரேஷன் கார்டு நகல் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். சுகுணா மிஷினுக்குப் பின்னால் குனிந்து பேப்பர் அடைத்துக்கொண்டிருந்தாள். மேஜையில் ஒரு கடிதம் அவள் பக்கம் பார்த்துக் கிடந்தது. தலைகீழாகப் படிப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. தருமபுரிப் புத்தகக் கண்காட்சி, வாசகர் மேடை, ஞாயிறு காலை பதினொரு மணி. அதற்குக் கீழே சுகுணா பேர், பொம்மிடி. தலைப்பு, 'சமீபத்தில் படித்தவை: என் அபிப்பிராயம்'. பத்து நிமிடம்.

"இதென்னா சுகுணா, உம் பேரு போட்டிருக்குது?"

அவள் திரும்பிக் கடிதத்தை எடுக்கப் பார்த்தாள். நான் அதற்குள் தேதியையும் படித்துவிட்டேன்.

"நூலகர் பிரபாகர் சார் பண்ண வேலக்கா. புத்தகத்தத் திருப்பிக் குடுக்கறப்ப உள்ள ஒரு சீட்டுல நாலு வரி எழுதி வெச்சிருவேன். அவரு அதெல்லாம் சேத்து அனுப்பிட்டாரு. வந்து பேசுன்னு கேக்கறாங்க."

"மைக்குலயா?"

"மைக்குலதாங்க்கா."

சொல்லும்போது அவள் கை நிற்கவில்லை. ஸ்டேப்ளரைத் திறக்கிறாள், மூடுகிறாள். பிளஸ் டூ முடித்த பிறகு ரயில்வே பரீட்சைக்குப் படித்து, எழுதப் போகிற வாரத்தில் நிச்சயம் செய்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெருவில் எனக்குத் தெரியாதது குறைவு. அதற்குப் பிறகு அவள் பெயர் எழுதி ஒரு கடிதம் வருவது இதுதான் முதல் தடவை.

ஆனால் அந்தத் தேதி. அந்தத் தேதிக்குத்தான் நான் பதினாலு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். ராணியம்மாளின் மகள் கோகிலவாணியை அரூரில் கொடுத்திருக்கிறது. அவள் பெண்ணுக்கு அதே ஞாயிற்றுக்கிழமை தீர்த்தமலையில் காதுகுத்து. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. தாய்மாமன் குமார் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். மாமன் பெண்டாட்டி சுகுணாதான் சீரில் முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். தீர்த்தமலையிலிருந்து தருமபுரிக்கு எப்படிப் பறந்தாலும் இரண்டு மணி நேரம்.

"ரெண்டும் ஒரே நாளு" என்றேன்.

"தெரியும்."

"வூட்ல சொல்லிட்டியா?"

"வாய் வரைக்கும் வருதுக்கா. அதுக்குள்ள அத்த எதனா வேல சொல்லிருவாங்க." அவள் கடிதத்தை மடித்தாள். "நீங்க இதச் சொல்லிறாதீங்க. நானே சொல்லிக்கறேன். சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். பண்ணிவிட்டு ரயில்வே கேட் தாண்டுவதற்குள் தொண்டை அரிக்க ஆரம்பித்தது.

பதிமூன்று நாள். இன்னொருத்தர் விஷயத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு பதிமூன்று நாள் இருப்பது என்றால் என்னவென்று என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். முதல் நாளே ஒரு ஜாக்கெட்டுக்குக் கையை உள்வெளியாக வைத்துத் தைத்துவிட்டேன். எக்ஸ்பிரஸ் போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிர்கிறது, எனக்கும் உள்ளே அதிர்கிறது. சொன்னாளா, இல்லையா? எதிர்வாசலையே பார்த்தேன். சொல்லியிருந்தால் ராணியம்மாள் அந்த நிமிஷமே என்னிடம் வந்திருப்பாள். வரவில்லை. அப்படியானால் சொல்லவில்லை.

சுகுணாவும் நிலைகொள்ளாமல்தான் இருந்தாள். கூட்டின வாசலை மறுபடி கூட்டினாள். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, வாய்க்குள் என்னமோ சொல்லிப் பார்த்தபடி நின்றாள். குடம் நிரம்பி வழிந்து தெருவில் ஓடியது. ஸ்டேட்டஸ் வாரத்துக்கு இரண்டு என்று வந்தது போய் தினம் ஒன்றாக ஆயிற்று.

"குடும்ப நாவல். முன்னூற்று இருபது பக்கம். அவள் மூன்றாம் அத்தியாயத்திலேயே கிளம்பியிருக்கலாம். கிளம்பாமல் மீதி இருநூற்று எண்பது பக்கமும் பாத்திரம் கழுவுகிறாள்."

நான் சத்தியம் செய்தது கடிதத்தைப் பற்றித்தான். ஸ்டேட்டஸைப் படித்துக் காட்டக்கூடாது என்று யாரும் கேட்கவில்லை. காட்டினேன்.

நான் கொக்கி வைத்துக் கொடுத்த ஜாக்கெட்டை ராணியம்மாள் மடியில் போட்டுக் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். பிறகு, "கெளம்பி எங்க போறாளாம்?" என்றாள்.

"அது போடலக்கா."

"உனக்குத் தெரியுமா?"

நான் ஊசியில் நூல் கோத்தேன். என் வாழ்க்கையில் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. ராணியம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது. காசியே வாயை மூடிக்கொண்டாள் என்றால் விஷயம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்! அவள் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன்.

மறுநாள் பயண நூல். "இமயமலை வரை தனியாகப் போய் வந்திருக்கிறார். யாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார், அன்று வீட்டில் யார் சமைத்தார்கள் என்று ஒரு வரி இல்லை. நான் அதைத் தேடித்தான் படித்தேன்."

"இமயமலைங்கறது எந்தப் பக்கம்?" என்றாள் ராணியம்மாள்.

"வடக்க."

"வத்தல்மலைக்கு அங்குட்டா?"

"அதுக்கும் ரொம்ப அங்குட்டுக்கா."

அன்று மத்தியானம் ராணியம்மாள் ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குமார் ஓசூரில் வாங்கியது, சக்கரம் வைத்தது. "இது உங்க வூட்ல இருக்கட்டும் காசி. துணி வெக்கப் பெருசா ஒண்ணுமில்லன்னா எப்பிடிப் போவா?" என்றாள். நான் அதில் வெட்டுத்துணியைப் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பத்து நிமிஷப் பேச்சுக்குப் போகிறவளுக்குச் சக்கரப் பை எதற்கு என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

கவிதைப் புத்தகத்தில் யாருக்கும் ஆபத்தில்லை. "நாற்பது கவிதை. நாலு புரிந்தது. அதில் ஒன்று பொய்." நான் அதை ராணியம்மாளிடம் சொல்லவேயில்லை, விளக்கம் கேட்பாள்.

ஆனால் புதன்கிழமை, வழக்கத்துக்கு மாறாக ராத்திரி ஏழு மணிக்கு, ராஜாக்கள் வந்துவிட்டார்கள். "வரலாறு. எந்த ராஜா எந்த வருஷம் எங்கே படையெடுத்தான் என்று வரிசையாக இருக்கிறது. அவன் கிளம்பின அன்று நாத்தனார் வீட்டில் காதுகுத்து இருந்ததா என்று யாரும் எழுதிவைக்கவில்லை."

ராஜாவுக்கு ஏது நாத்தனார் என்று எனக்கு உடனே உறைத்தது. ராணியம்மாளுக்கு உறைத்தது வேறு.

"காதுகுத்து அன்னைக்கா!" என்று எழுந்துவிட்டாள். "சனம் பூரா கூடி நிக்கறப்ப, மொதத் தட்டு தூக்க ஆளில்லாம, எம் மவன் மூஞ்சியில கரியப் பூசிட்டு அன்னைக்கா கெளம்பறா?"

பட்டன் போனில் குமார் நம்பரை அவளே அழுத்தினாள். அடுத்த நாள், வியாழக்கிழமை, லீவு போட்டுவிட்டு அவன் வந்து இறங்கினான்.

சாயங்காலம் ஐந்தரை இருக்கும். என்னைக் கூப்பிட ராணியம்மாள் வாசலில் வந்து கையை ஆட்டினாள். நான் ஏற்கெனவே செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். சென்னம்மாள் பால் கேனோடு வந்தவள், சூடு தெரிந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுகுணா அப்போதுதான் கடையிலிருந்து வந்து டீ வைத்துக்கொண்டிருந்தாள்.

"காசி, நீயே சொல்லு. போன்ல என்னா போட்டுச்சு? மூணாவது இதுலயே கெளம்பியிருக்கணும்னு போட்டுச்சா இல்லியா?"

"அத்தியாயம்" என்றேன்.

"பாத்தியா குமாரு? கெளம்பறாளாம். காதுகுத்து அன்னைக்கு, இமயமலைக்கு."

குமார் நல்ல பையன். கோபம் அவனுக்குச் சரியாக வராது, காது மட்டும் சிவக்கும். "சுகுணா, என்னா இது? ஊரே பாக்கறாப்பல போடறியாமே" என்று போனை எடுத்துத் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான். "எங்க? என் போன்ல ஒண்ணுமே காணோமே."

"இங்க இருக்குது பாரு" என்று என் போனை நீட்டினேன். பச்சை வளையம், ராஜாக்கள், எல்லாம் இருந்தது.

"எனக்கும் வர்றதில்லன்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்றாள் வாசற்படியிலிருந்து சென்னம்மாள்.

குமார் என் போனையும் அவன் போனையும் மாறி மாறிப் பார்த்தான். "யாருக்குத் தெரியணும்னு அதுல வெச்சுக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னான். "யாருக்கெல்லாம் வெச்ச?"

சுகுணா டீயை வடிகட்டி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"காசியக்காவுக்கு மட்டுந்தாங்க."

சென்னம்மாள் சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. நான் கையில் போனோடு நின்றேன். மூன்று மாதமாக ஐந்தரைக்கு எழுந்து, மனப்பாடம் செய்து, படிதாண்டிப் போய்ப் படித்துக் காட்டினேனே, அத்தனையும் எனக்கு மட்டும் போட்டதா!

"என்னாத்துக்குடி?" என்றாள் ராணியம்மாள்.

"நான் சொன்னா இந்த வூட்ல யார் காதுலயும் வுழறதில்ல அத்த. அக்கா சொன்னா வுழுது." வடிகட்டியை ஓரமாக வைத்தாள். "கல்யாணமாகி வந்து பதினோரு வருசத்துல நான் என்னா படிக்கறேன்னு நீங்க விசாரிச்சது இந்த மூணு மாசந்தான். என்கிட்ட இல்ல. அக்காகிட்ட. ஆனா விசாரிச்சீங்க."

பிறகு கைப்பையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் குமாரிடம் கொடுத்தாள். அவன் ஒருமுறை படித்தான். மறுபடி சத்தமாகப் படித்தான். நான் அதைத் தலைகீழாகப் படித்தபோது இருந்ததைவிட நேராகக் கேட்டபோது கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"இவ்ளோதானா?" என்றான் குமார். மூச்சை விட்டான். "தருமபுரிக்கு. பத்து நிமிசம். நான் என்னமோன்னு லீவு போட்டுட்டு ஓடியாந்தேன்."

இமயமலைக்கு முன்னால் தருமபுரி சின்னதாகத்தான் தெரியும். இதை அவள் கணக்குப் போட்டே செய்தாளா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். கேட்டால் சிரிக்கிறாள்.

ஆனால் ராணியம்மாள் அவ்வளவு சுலபமாக இறங்கவில்லை. "அப்ப தட்டு யாரு தூக்கறது? கோகிலா நாளைக்கு என்னைய என்னா கேப்பா? அடுத்த வருசம் போய்ப் பேசிக்கோ. புத்தகம் எங்கியும் ஓடிறாது."

"அடுத்த வருசமும் ஒரு விசேசம் வரும் அத்த."

"என்னைக் கேக்காம நீ எப்பிடி..."

"கேக்கல அத்த. சொல்றேன்." டம்ளரை மாமியார் முன்னால் வைத்தாள். "சனிக்கெழம எல்லாத் தட்டும் நானே அடுக்கித் தரேன். ஞாயித்துக்கெழம நான் தருமபுரி போறேன்."

டீயில் ஆடை கட்டும் வரை ராணியம்மாள் அதைத் தொடவில்லை. பிறகு மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். குமாரும் பார்த்தான். சுகுணாவும் பார்த்தாள்.

"இவதான எல்லாத்துக்கும் காரணம்? இவளே தூக்கட்டும்" என்றாள் ராணியம்மாள்.

அந்தப் பேச்சைக் கேட்க முதல் வரிசையில் நான் உட்கார வேண்டும் என்று மனதுக்குள் பஸ் நேரம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். அதுவும் போயிற்று.

வெள்ளியும் சனியும் ஜன்னலைச் சாத்தி வைத்தேன். என்னைத் தபால்பெட்டியாக ஆக்கிவிட்டாளே என்று கோபம். சனிக்கிழமை மத்தியானம் துணிக்கு வெளிச்சம் பத்தவில்லை, திறந்துவிட்டேன். எதிரே சுகுணா வெற்றிலையைத் துடைத்து, தேங்காய்க்கு மஞ்சள் பூசி, பட்டுப்பாவாடையை மடித்துத் தட்டுத் தட்டாக அடுக்கிக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சக்கரப் பையைத் திருப்பிக் கொடுத்தேன். அதில்தான் சீர்த்துணி போயிற்று.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேன் வந்தது. சுகுணா முதல் தட்டைத் தூக்கி என் கையில் வைத்தாள். "கோணாமப் புடிச்சுக்கங்க அக்கா." நான் தைத்த ஊதா ஜாக்கெட்டைத்தான் போட்டிருந்தாள். கைப்பையில் ஒரு தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மூன்று நாளாக மருமகளிடம் ஒரு வார்த்தை பேசாத ராணியம்மாள் வேனில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "பஸ்ஸுல ஜன்னலோரம் ஒக்காராத. காத்துல தலை கலைஞ்சிரும். மேடை ஏறணும்ல."

சொல்லிவிட்டு உடனே டிரைவரைப் பார்த்து, "என்னாப்பா நிக்கற, வண்டிய எடு" என்று சத்தம் போட்டாள்.

தீர்த்தமலை அடிவாரத்து மண்டபத்தில் நான் முதல் தட்டோடு நுழைந்தபோது மேளத்தைவிட அதிகமாகக் கேட்ட சத்தம் ஒன்றுதான்: மாமன் பொண்டாட்டி எங்க? ராணியம்மாள் உடம்பு சரியில்லை என்று சொல்வதாக வேனிலேயே முடிவு செய்திருந்தாள். எனக்கும் சொல்லி வைத்திருந்தாள். கோகிலவாணி வந்து, "அண்ணி எங்கம்மா?" என்றதும் ராணியம்மாள், "அவளுக்கு ஒடம்பு..." என்று ஆரம்பித்தாள். பதிமூன்றும் மூன்றும் பதினாறு நாள் அடைத்து வைத்த வாய் எனக்கு.

"தருமபுரியில மேடையில பேசுது. மைக்குல" என்றேன். மேளக்காரர்கள் அப்போதுதான் நிறுத்தினார்கள். மண்டபம் முழுக்கக் கேட்டது.

கோகிலவாணியின் முகம் சுருங்கிப் போயிற்று. "எம் புள்ள காதுகுத்த விடப் புத்தகம் பெருசாப் போச்சா அண்ணிக்கு?" அவள் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கண்ணில் தண்ணீர் வேறு நின்றது. நான் தட்டைக் கோணாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ராணியம்மாள் இரண்டு பக்கமும் பார்த்தாள். அரூர்ச் சம்பந்தி வீட்டுப் பெண்கள் பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். திடீரென்று முதுகு நிமிர்ந்தது. "பெருசா சின்னதாங்கறதில்ல கோகிலா. கடுதாசி போட்டுக் கூப்புட்டிருக்காங்க. பெரிய பெரிய ஆபீசருங்க எல்லாம் வந்து ஒக்காந்து கேக்கறாங்களாம். வேண்டாம்னா மரியாதையா இருக்குமா?"

ஆபீசர்கள் கடிதத்தில் கிடையாது. நான் ஒருமுறை படித்து, ஒருமுறை கேட்டிருக்கிறேன். என்னையே மிஞ்சிவிட்டாள்.

குமார் மடியில் பிள்ளை வீறிட்டது, இரண்டு காதிலும் குத்தினார்கள், நான் அதன் வாயில் சர்க்கரையைப் போட்டேன். மணி பதினொன்று. என் மனசு மண்டபத்தில் இல்லை. பதினொன்று பத்து. பேசி முடித்திருப்பாள். பதினொன்றரை. பாதியில் நின்றுவிட்டாளோ? மலையடியில் சிக்னல் ஒரு கோடு வருகிறது, போகிறது. பந்தியில் உட்கார்ந்தும் போனை இலைக்குப் பக்கத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

பன்னிரண்டேகாலுக்கு வந்தது பச்சை வளையம். நான் கையைத் துடைத்துக்கொண்டு திறப்பதற்குள் எதிர்வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்த கோகிலவாணி, "அண்ணி என்னமோ போட்டிருக்காங்க" என்றாள். வாசலில் நின்ற குமாரும் போனைத் திறந்துவிட்டான். எல்லோருக்கும் போட்டுவிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் நம்புங்கள்.

கோகிலவாணி நின்றபடியே விறுவிறுவென்று வாசித்தாள், மளிகைச் சீட்டு வாசிக்கிற மாதிரி. முடிந்தபோது அவள் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா, வீம்பா என்று எனக்கே பிடிபடவில்லை. அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

"இவ படிச்சா ஒண்ணும் வெளங்கல" என்றாள் பக்கத்து இலை ராணியம்மாள். "நீ படி காசி."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

"இன்று புத்தகம் இல்லை, மேடை. பத்து நிமிடம் கொடுத்தார்கள், பதினாலு எடுத்துக்கொண்டேன். மைக் உயரம். ஆரம்பம் தடுமாற்றம், நடுவில் பரவாயில்லை. பாத்திரம் கழுவும் நாவலைச் சொன்னபோது சிரித்தார்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. மூன்றாம் வரிசையில் ஒருவர் தூங்கினார்."

கடைசியில் இன்னும் ஒரு வரி இருந்தது. ராணியம்மாளைப் பார்த்தேன். இந்தத் தடவை நூல் எதுவும் அறுந்துபோகவில்லை.

"மறுபடி கூப்பிட்டால் மறுபடி போவேன்."

ராணியம்மாள் இலையில் சோற்றைக் குழியாக்கினாள். ரசவாளியோடு வந்தவரை நிறுத்தி ஊற்றச் சொன்னாள். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, இலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மறுபடின்னா எப்பவாம்? நாளு கெழம எதனா போட்டிருக்காளா பாரு. முன்கூட்டியே தெரிஞ்சா தேவல."